மேலே போக எந்த வண்டி? – கேள்வி பதில்

நான் இலங்கையின் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் (ஸ்டோர் என்போம்) இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். ரோலரும் ட்ரையரும் சோறு போடுகின்றன. ரொக்கெட் பைத்தியம் அதற்கு மேலே. தனியார் கம்பனிகள் கட்டப்போகும் விண்வெளி நிலையங்களுக்கு ஆட்கள் எப்படிப் போவார்கள் என்று நம் வாசகர் வட்டத்தில் பேச்சு வந்தபோது, கேள்விகளை எழுதிக் கொடுங்கள், பதில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஸ்பேஸ் எக்ஸ் கம்பனி முதலாளி எலான் மஸ்க் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

சுதர்சன், தலவாக்கலை: அண்ணே, மேலே ஆள் ஏற்றிப்போக இன்றைக்கு எத்தனை வண்டி இருக்கிறது?

நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவருபவை மூன்றுதான் தம்பி. ரஷ்யாவின் சோயுஸ், சீனாவின் ஷென்சோ, ஸ்பேஸ் எக்ஸின் டிராகன். முதல் இரண்டும் அரசாங்க வண்டி. தனியார் வண்டி டிராகன் மட்டும்தான். 2020 மே 30ஆம் திகதி முதல்தடவை ஆள் ஏற்றியது. ஆள் ஏற்றும் டிராகன் மொத்தமே ஐந்து: எண்டெவர், ரெசிலியன்ஸ், எண்டூரன்ஸ், ஃபிரீடம், கிரேஸ். ஏழு பேருக்கு என்று திட்டம் போட்டார்கள், இப்போது நான்கு ஆசனம்.

நிலையம் கட்டுகிறோம் என்று நிற்பவர்களோ பலர். வாஸ்ட் கம்பனியின் ஹேவன்-1, நான்கு பேர் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வர ஒற்றை அறை மாதிரி. ஆக்ஸியம், முதலில் இப்போதைய சர்வதேச விண்வெளி நிலையத்தோடு ஒட்டிக்கொண்டு பிறகு பிரிந்துபோகத் திட்டமிடுகிறது. ஸ்டார்லேப், ஓர்பிட்டல் ரீஃப் என்று இன்னும் இரண்டு. கடை போடுகிறவர்கள் நான்கு பேர், ஊருக்குள் பஸ் விடுகிறவர் ஒருத்தர். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஒரு டீச்சர், கொட்டகலை: நாசாவே வண்டி செய்யாமல் ஏன் கம்பனிகளிடம் கொடுத்தது?

2011இல் ஷட்டில் என்ற விண்கலத்தை நிறுத்தியபிறகு அமெரிக்காவுக்குச் சொந்த வண்டி இல்லை. ரஷ்யாவிடம் சோயுஸில் இடம் வாங்கினார்கள். விலை ஏறி ஏறி, 2020இல் ஓர் ஆசனத்துக்கு 9 கோடி டொலர் கொடுக்க வேண்டி வந்தது.

அதற்கிடையில் 2014இல் இரண்டு கம்பனிகளுக்கு வேலையைக் கொடுத்தார்கள். போயிங்குக்கு 420 கோடி டொலர், ஸ்பேஸ் எக்ஸுக்கு 260 கோடி. டீச்சர், நம் பாஷையில் சொன்னால் இது கொந்தரப்பு, மொத்தத் தொகை பேசி எடுக்கும் வேலை. பழைய முறை நாட்சம்பளம் மாதிரி: எத்தனை நாள் இழுத்தாலும் செலவும் அதற்கு மேல் இலாபமும் அரசாங்கம் கொடுக்கும். கொந்தரப்பில் அது நடக்காது. பேசின தொகைக்கு மேல் போனால் கொந்தரப்பு எடுத்தவர் கைக்காசு. போயிங்குக்கு அப்படிக் கைவிட்டுப் போனது 200 கோடி டொலருக்கும் மேல்.

மூன்று பேர் கேட்டது: அவ்வளவு பெரிய போயிங்குக்கு என்னதான் நடந்தது?

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அவர்களுடைய வண்டி ஸ்டார்லைனர். 2019 டிசம்பரில் ஆளில்லாமல் போனபோது உள்ளே இருந்த கடிகாரம் 11 மணி நேரம் பிசகியிருந்தது. வண்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் எரிபொருளை வீணாக்கி, நிலையத்துக்குப் போகாமலே திரும்பியது. 2021இல் அடுத்த ஏவலுக்கு முன் பார்த்தால் 13 வால்வுகள் திறக்க மறுத்தன. புளோரிடாவின் ஈரக் காற்று உள்ளே போய், கசிந்திருந்த ஒக்சிசனேற்றியோடு (எரிபொருள் எரிய ஒக்சிசன் கொடுக்கும் திரவம்) சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி வால்வை அரித்துவிட்டது. ஜூலை மழையில் ஸ்டோர் இரும்பு என்ன பாடு படும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

2024 ஜூனில் நாசா விண்வெளி வீரர்கள் புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் அதில் போனார்கள். எரிபொருளைத் தள்ளும் ஹீலியம் வாயு கசிந்தது. நிலையத்தை நெருங்கும்போது, திசை திருப்பும் 28 சிறு எஞ்சின்களில் ஐந்து நின்றுபோயின. நான்கைத் திரும்ப இயக்க முடிந்தது. தரையில் சோதித்தபோது தெரிந்தது, மூடிய கூட்டுக்குள் சூடு ஏறி, கசிவைத் தடுக்கும் ஒரு டெஃப்லான் சீல் உப்பி, ஒக்சிசனேற்றி போகும் வழியை அடைத்திருக்கிறது.

பத்து வருடத்துக்கு முன் நான் ஒரு ஸ்டீம் வால்வில் தகுதியில்லாத சீல் ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஓடும்போது அடைக்கும், நிறுத்தி, ஆறவிட்டுக் கழற்றினால் குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் கிடக்கும். மூன்றாவது தடவை சூட்டோடு கழற்றி, கையைச் சுட்டுக்கொண்டுதான் கண்டுபிடித்தேன். 400 கிலோமீற்றர் உயரத்தில் சூட்டோடு கழற்ற யாரால் முடியும்? போதாததற்கு அந்த எஞ்சின்கள் இருக்கிற பகுதி பூமிக்குத் திரும்புவதே இல்லை, வழியில் எரிந்துபோகும்.

ஸ்பேஸ் எக்ஸும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் ஒரு டிராகன் சோதனை மேடையிலேயே வெடித்துச் சிதறியது. அங்கேயும் வில்லன் வால்வுதான்: கசிந்த திரவம் அழுத்தத்தில் பாய்ந்து டைட்டேனியம் வால்வை மோதித் தீப்பிடித்தது. அந்த இடத்தில் வெடித்துத் திறக்கும் தகட்டைப் போட்டுச் சரிசெய்தார்கள். அவர்களுக்குத் தரையில், ஆளில்லாமல் உடைந்தது. என் கணக்கில் பெரிய வித்தியாசம் அதுதான்.

செல்வி அக்கா, நோர்வூட்: எட்டு நாளுக்கென்று போன பெண்ணை ஒன்பது மாதம் அப்படியே விட்டுவிட்டார்களே, நியாயமா?

விட்டுவிடவில்லை அக்கா. ஸ்டார்லைனரை நம்பாமல் 2024 செப்டம்பரில் ஆளில்லாமல் இறக்கினார்கள். அடுத்த டிராகனில் இரண்டு பேரைக் குறைத்து, இரண்டு ஆசனத்தைக் காலியாக அனுப்பினார்கள். அதில்தான் இருவரும் 2025 மார்ச்சில் திரும்பினார்கள், மொத்தம் 286 நாள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். போன வண்டி நிலையத்தில் கட்டியே கிடக்கும். தீ, கசிவு, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அதில் ஏறித்தான் இறங்க வேண்டும். அதனால் மேலே எத்தனை பேரோ அத்தனை ஆசனம் எப்போதும் இருக்க வேண்டும். ஸ்டார்லைனர் இறங்கிப் போனபிறகு அடுத்த டிராகன் வரும்வரை, அங்கே நின்ற டிராகனில் சரக்கு வைக்கும் இடத்தில் ஸ்பொஞ்ச் மெத்தை கட்டி இருவருக்கும் இடம் செய்து வைத்தார்கள். 2022 டிசம்பரில் ஒரு சோயுஸில் குளிரூட்டும் திரவம் கசிந்தபோதும் இதே கதை. சோயுஸ் ஆசனத்தின் உட்பகுதியை ஒவ்வொருவர் உடம்புக்கும் அச்செடுத்துத்தான் செய்வார்கள். அந்த சோயுஸில் போயிருந்த அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோவின் அச்சைக் கழற்றி டிராகனுக்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள். மாற்று வண்டி வந்து, அவர் இறங்கும்போது 371 நாள்.

தனியார் நிலையத்துக்கும் இந்தச் சட்டம்தான். எட்டுப் பேர் தங்க இடம் கட்டினாலும், நான்கு பேர் ஏறும் வண்டி ஒன்று நின்றால் நான்கு பேர்தான் தங்கலாம்.

சுதர்சன் மறுபடியும்: அந்த ஒரே வண்டி நின்றுபோனால்?

எல்லாம் நிற்கும். 2024 ஜூலையில், டிராகனைத் தூக்கிப்போகும் ஃபால்கன் 9 ரொக்கெட்டின் மேல்கட்டத்தில் கசிவு ஏற்பட்டு இரண்டு வாரம் பறக்கவில்லை. அது சின்னத் தடங்கல். மஸ்கைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன், இந்த ஒன்றை விட முடியவில்லை: 2025 ஜூனில் டிரம்போடு நடந்த வாய்ச்சண்டையில் டிராகனையே நிறுத்துகிறேன் என்று எழுதிவிட்டு, சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கினார். முதலாளிக்குக் கோபம் வந்தால் பஸ் வராது என்ற நிலைமை நமக்குப் பழக்கம்தான், விண்வெளிக்காரர்களுக்குப் புதிது.

மாற்று? ஸ்டார்லைனரின் அடுத்த பயணம் சரக்கு மட்டும் என்று 2025 நவம்பரில் முடிவானது. சியரா ஸ்பேஸின் டிரீம் சேசர், விமானம் மாதிரி ஓடுபாதையில் இறங்கும் அழகான வண்டி. 2014இல் ஆள் ஏற்றும் ஒப்பந்தம் கிடைக்காமல் சரக்கு வண்டியாக மாறியது. ஆள் ஏற்றும் வடிவம் இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். பிடித்து என்ன செய்ய.

பெயர் போடாத ஒருவர்: டிக்கெட் எவ்வளவு?

2022இல் ஆக்ஸியம் கம்பனியின் முதல் பயணத்துக்கு ஓர் ஆளுக்கு 5.5 கோடி டொலர் என்று செய்தி. ஒரு டொலர் 300 ரூபாய் என்று போட்டால் 1,650 கோடி ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயித்த, நாளுக்கு 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில், வருடத்துக்கு 300 நாள் வேலை செய்து, ஒரு சதம் செலவழிக்காமல் சேர்த்தால் 40,000 வருடத்துக்கு மேல். ஈபிஎஃப் பிடிக்காமல்.

தரம் 7 மாணவன், பொகவந்தலாவை: அங்கிள், டிராகனில் டொய்லெட் இருக்கிறதா?

இருக்கிறது. 2021 செப்டம்பரில் சாதாரண ஆட்கள் நான்கு பேர் போன பயணத்தில் அதன் குழாய் ஒன்று கழன்று, சிறுநீர் தரைக்குக் கீழே போய்விட்டது. அதே கோளாறு வேறொரு டிராகனிலும் இருந்ததால், நவம்பரில் அதில் இறங்கியவர்கள் டொய்லெட்டைத் தொடாமல் டயபர் கட்டிக்கொண்டு வந்தார்கள். எட்டு மணி நேரம்.

அதே மாணவன்: இங்கேயிருந்து பார்க்கலாமா?

சர்வதேச நிலையத்தைப் பார்க்கலாம். பொழுது சாய்ந்த கையோடு, அல்லது விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் இடம்) கிளம்புகிற நேரத்தில். விமானம் மாதிரி மினுக்காது. வெள்ளையாக, ஒரே சீராக, மேற்குப் பக்கமிருந்து ஏறி ஐந்தாறு நிமிடத்தில் மறையும். எந்த நாள், எத்தனை மணி என்று நாசாவின் 'ஸ்பொட் த ஸ்டேஷன்' செயலி சொல்லும். மார்கழியில் பனிமூட்டம் வந்து படுத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. மாசி, பங்குனி நல்லது. லயத்து வீடுகளின் கூரை மறைக்கும், தேயிலை மலைக்கு ஏறிப் பார். அட்டை ஏறும், காலில் சவர்க்காரம் பூசிக்கொள்.