சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வலி மாத்திரை ஒன்றும் செய்யாதா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, முழங்கால் மூட்டுத் தேய்மானம். மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரையை எட்டு மாதமாகத் தினமும் போடுகிறார். பிபிக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை. "சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன்" என்கிறார். தொடரலாமா?

பதில்: வேண்டாம். அட்டையில் டைக்ளோஃபினாக் மட்டும் இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடலாம். கூடவே காகிதத்தில் மடித்துத் தந்த பெயர் தெரியாத மாத்திரையும் இருந்தால் திடீரென்று விடாமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்துவது ஆபத்து.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் எல்லாம் ஒரே குடும்பம். மோசமான மருந்துகள் இல்லை. சுளுக்கு, மாதவிடாய் வலி, யூரிக் அமிலத்தால் வரும் கௌட் மூட்டு வீக்கம் இதற்கெல்லாம் சில நாள் போட்டால் வலி நன்றாகக் கேட்கும். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதைத் தடுத்துத்தான் வீக்கத்தைக் குறைக்கின்றன. இதே குடும்பத்து ஆஸ்பிரின் வேலை செய்வது இப்படித்தான் என்று 1971இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது. மருந்து ரத்தத்தில் கலந்து இந்தக் காவலை எடுத்துவிடுவதால், வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட்டாலும் புண் வரலாம், ஊசியாகப் போட்டாலும் வரலாம்.

அம்மா விஷயத்தில் எனக்கு அதைவிடக் கவலை சிறுநீரகம்தான். டெல்மிசார்ட்டன், நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால், ஒரு நாள் பேதியோ வெயிலில் தண்ணீர் குடிக்காததோ போதும், சிறுநீரகம் சட்டென்று தளர்ந்துவிடலாம். இதே மூன்றையும் சாப்பிட்டுவந்த ஒரு பாட்டி கால் வீங்கி என்னிடம் வந்தார், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.8, இயல்பைவிட மிக அதிகம். சுருக்குப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டி, "இது நல்ல மாத்திரைங்க, முட்டி வலியே இல்லை" என்றார். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது என்று அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

இந்த வாரமே கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிவதாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

சரி, வலிக்கு என்ன செய்வது? டைக்ளோஃபினாக் ஜெல்லை முழங்காலில் தடவலாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் தொடைத் தசைக்கான பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை வைத்து இறக்க வேண்டும், ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினமும் இரண்டு வேளை. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், அதுவரை அம்மாவோடு நீங்களும் உட்கார்ந்து செய்யுங்கள். இதைப் படித்துவிட்டு பிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.