வரம் என்று சொல்லாதீர்கள்

கேள்வி: ஈக்வடாரிலிருந்து சிலி நாட்டுக்குப் பொறியியல் படிக்கப் போன மாக்ஸ் பெர்ரு என்ற மாணவர், அரசியல் காரணமாக நாடு கடத்தப்பட்டு, இத்தாலியில் பெரிய பாடகர் ஆனாராம். ராணுவ ஆட்சி வராமல் இருந்திருந்தால் ஏதோ ஒரு ஆலையில் இன்ஜினீயராகக் காலத்தை ஓட்டியிருப்பார். அப்படிப் பார்த்தால் அது அவருக்கு வரம்தானே? இன்னொன்று: படிக்கப் போன இடத்தில் படிப்பைப் பார்க்காமல் அந்த ஊர் அரசியலில் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு திருத்தம். பெர்ருவை யாரும் விமானத்தில் ஏற்றி வெளியே அனுப்பவில்லை. 1973 செப்டம்பர் 11 அன்று ஜெனரல் பினோசே தலைமையில் ராணுவம் சிலியின் ஆட்சியைப் பிடித்தபோது, அவர் தன் இசைக்குழுவோடு இத்தாலியில் இருந்தார். கச்சேரிக்கு வந்தவர்கள். கையில் சில வாரங்களுக்கான துணிமணி, வாத்தியங்கள், அவ்வளவுதான். அன்றைக்குச் சாத்திய கதவு 15 வருஷம் கழித்துத்தான் திறந்தது.

இனி வரத்துக்கு வருவோம். ராணுவம்தான் அவரைப் பாடகர் ஆக்கியது என்று நினைக்கிறீர்கள். தேதிகளைப் பாருங்கள். பெர்ரு சிலிக்கு வந்தது 1962-ல், 20 வயதில். சேர்ந்தது சாண்டியாகோவில் இருந்த அரசு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இயந்திரவியல் படிக்க. அங்கே சக மாணவர்களோடு சேர்ந்து 1967-ல் தொடங்கியதுதான் 'இன்ட்டி இல்லிமானி' குழு. இன்ட்டி என்றால் சூரியன். இல்லிமானி, பொலிவியாவில் லா பாஸ் நகரத்துக்கு மேலே நிற்கும் பனிமலை. சிலி மாணவர்கள் தங்கள் குழுவுக்குப் பக்கத்து நாட்டு மலையின் பேரை வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? 1970-ல் இடதுசாரித் தலைவர் சால்வடோர் அயெந்தே, பின்னால் ராணுவம் கவிழ்த்தது இவர் ஆட்சியைத்தான், ஜனாதிபதி ஆனபோது, அவருடைய ஆட்சித் திட்டத்தையே பாட்டாக்கி ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தார்கள். இத்தாலியில் சிக்கிக்கொள்வதற்கு முன்பே சிலி அவர்களை நன்றாக அறிந்திருந்தது. பெர்ருவைப் பாடகர் ஆக்கியது அந்தப் பல்கலைக்கழகம். ராணுவம் செய்தது, அவர் யாருக்காகப் பாடினாரோ அந்த மக்களிடமிருந்து அவரைப் பிரித்தது.

அவர் அடித்த வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'போம்போ' என்று பேர். மரத்துண்டைக் குடைந்து, ரோமம் போகாத ஆட்டுத்தோலைப் போர்த்திக் கட்டிய பெரிய மேளம். ரோமம் இருப்பதால் சத்தம் கணீரென்று வராது. அடிவயிற்றிலிருந்து வருவது போல வரும். அந்தக் குழுவின் பழைய பதிவுகளில் குழலும் சரங்கோ என்கிற குட்டி நரம்பு வாத்தியமும் மேலே பறந்துகொண்டிருக்கும்போது, கீழே தரையாக நிற்பது இந்த மேளம்தான். சொல்லிக்கொடுத்து வருகிற ஓசை இல்லை அது, கேட்டுக் கேட்டுக் கைக்கு வருவது.

அவர் அன்றைக்கு சாண்டியாகோவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்தான் பாடகர் விக்டர் ஹாரா. மறுநாள் காலை ராணுவம் வளாகத்துக்குள் புகுந்து மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. ஹாராவும் அதில் ஒருவர். எஸ்டாடியோ சிலி என்ற விளையாட்டு அரங்கில் அடைத்தார்கள், அடித்தார்கள், சில நாட்களில் சுட்டுக் கொன்றார்கள். உடலில் 40-க்கும் மேற்பட்ட குண்டுக் காயங்கள். பல்கலைக்கழகத்தின் தலைவரான ரெக்டர் என்ரிகே கிர்பெர்க், தெற்கே குளிர் வாட்டும் டாசன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அப்புறம், வெளிநாட்டவர்கள். அந்த வாரம் ராணுவம் மக்களிடம் கேட்டுக்கொண்டதே, சந்தேகத்துக்குரிய வெளிநாட்டவர் இருந்தால் காட்டிக்கொடுங்கள் என்பதுதான். அயல்நாட்டு மாணவர்கள் பலர் தேசிய விளையாட்டு அரங்கில் அடைக்கப்பட்டார்கள். பெர்ரு வெளிநாட்டவர், அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அயெந்தேவுக்காகப் பாடியவர். மூன்றில் ஒன்று போதும். அவர் உயிர் தப்பியது கச்சேரித் தேதியால். இதை வரம் என்று சொன்னால், ஹாராவின் மனைவி ஜோனுக்கு என்ன பேர் வைப்பீர்கள்? பிணவறையில் குவிந்த உடல்களுக்கு நடுவே கணவரை அடையாளம் கண்டு, யாருக்கும் தெரியாமல் புதைத்தவர் அவர்.

சரி, இத்தாலியில் புகழ் வந்தது உண்மை. இத்தாலி அந்த ராணுவ அரசை முறைப்படி அங்கீகரிக்கவே இல்லை. இடதுசாரிக் கட்சிகளின் திருவிழாக்களில், சதுக்கங்களில், தொழிலாளர் கூட்டங்களில் இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்றுபட்ட மக்கள் ஒருநாளும் தோற்பதில்லை என்கிற பாட்டு, இசையமைப்பாளர் செர்ஹியோ ஒர்த்தேகாவும் கிலாபாயுன் என்ற இன்னொரு சிலி இசைக்குழுவும் உருவாக்கியது, இவர்கள் குரலிலும் உலகம் சுற்றியது. எந்த அளவுக்குப் புகழ் என்றால், 1977-ல் இத்தாலியப் பாடகர் லூச்சியோ டால்லா, இந்த ஆண்டிஸ் மலை இசை மூன்று வருஷமாக மாறாமல் ஒலித்துச் சலிப்பூட்டுகிறது என்று தன் பாட்டிலேயே ஒரு வரி வைத்தார்.

பலர் அதை இளக்காரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வரி வலிக்கிறது. ஊரை இழந்த பாடகனிடம் கூட்டம் கேட்பது அதே பாட்டைத்தான். நேற்று அழுத இடத்தில் இன்றைக்கும் அழ வேண்டும் என்று வருகிறது. அவனுக்கோ புதுப் பாட்டு ஊரிலிருந்து வர வேண்டும்; கடைத்தெருவிலிருந்து, சுரங்கத் தொழிலாளியின் பேச்சிலிருந்து வர வேண்டும். அந்த ஊற்று அடைபட்டுக் கிடந்தது. அப்படியும் அவர்கள் மத்தியதரைக்கடல் இசையைக் காதில் வாங்கி, புதிதாக எழுதி வளர்ந்தார்கள் என்றால், அந்தப் பெருமை அவர்களுடைய உழைப்புக்குச் சேர வேண்டும். பினோசேவுக்கு அதில் ஒரு சல்லிக்காசு பங்கு கிடையாது.

அதே நேரம் சிலியில் என்ன நடந்தது? இவர்களுடைய இசைத்தட்டை வீட்டில் வைத்திருக்கவே ஜனங்கள் பயந்தார்கள். குழல், சரங்கோ சத்தமே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. சில இளைஞர்கள் 'பரோக்கோ ஆண்டினோ' என்று ஒரு குழு அமைத்து, பாக் என்ற பழைய ஜெர்மானிய இசைமேதை எழுதிய சங்கீதத்தை அந்த மலை வாத்தியங்களிலேயே தேவாலயங்களில் வாசித்தார்கள். பாக்கைத் தடை செய்ய முடியாதல்லவா? வாத்தியத்தை உயிரோடு வைத்திருக்க அவர்களுக்குக் கிடைத்த வழி அது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது. மூக்கை நுழைத்தார் என்கிறீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களுக்கு வகுப்பு நடத்திய இடம். ஊர் ஊராகப் பாட்டுக் குழுக்களை அனுப்பிய இடம். அங்கே சாப்பிட்டு, படித்து, 11 வருஷம் வாழ்ந்த ஒருவர், அந்த மக்களுக்கு நல்லது வரும்போது கூடச் சேர்ந்து மேளம் அடிக்கக்கூடாதா? கட்டணம் கட்டினோம், பட்டம் வாங்கினோம், கிளம்பினோம் என்று இருப்பதற்கு அது தங்கும் விடுதி இல்லையே. நம் பிள்ளைகளையும் வெளிநாடு அனுப்பும்போது வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் சொல்லி அனுப்புகிறோம். பயத்தில் சொல்கிறோம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தையே ஒழுக்கம் என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. சிலிக்காரர்களான மற்றவர்களுக்குத்தான் ஊர் திரும்ப வழி இல்லை. நாடு திரும்பத் தடை உள்ளவர்கள் என்று காட்ட, அப்படிப்பட்டவர்களின் பாஸ்போர்ட்டில் 'எல்' என்ற எழுத்தைக் குத்தினார்கள். பெர்ருவுக்கு ஈக்வடார் இருந்தது. பிறந்த ஊரான கரியமாங்கா இருந்தது. இருந்தும் நண்பர்களோடு இத்தாலியிலேயே இருந்தார்.

1988-ல் தடை நீங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 18, சிலியின் தேசிய நாள். குழு சாண்டியாகோ விமான நிலையத்தில் இறங்கியது. மூன்று வாரத்துக்குள் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பினோசேவுக்கு 'வேண்டாம்' என்று சொன்னார்கள். 1997-ல் பெர்ரு குழுவை விட்டு விலகினார். அப்போதும் ஈக்வடார் போகவில்லை. 2018 மே 1 அன்று, தொழிலாளர் தினத்தில், 75 வயதில், படிக்க வந்த அதே சாண்டியாகோவில் இறந்தார்.