எக்ஸ்ரே நார்மல், கழுத்துதான் திரும்பவில்லை

மார்த்தாண்டத்துக்கும் பாறசாலைக்கும் நடுவில் பிசியோதெரபி பார்ப்பவனுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. குறுகிய ரோடு, திடீர் பிரேக், பின்னால் ஒரு இடி. இந்த முறை வந்த கேள்விகளில் கழுத்து சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நின்ற ஆட்டோவில் வேன் வந்து இடித்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் காலை தலையைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரே நார்மல். வீட்டில் நான் நடிக்கிறேனாம். (களியக்காவிளை வாசகி)

நடிப்பில்லை அக்கா. ஒரு நாள் கழித்து வலி கிளம்புவது இதில் சாதாரணம். வண்டி இடிபட்டதும் சீட் உங்கள் முதுகை முன்னால் தள்ளுகிறது, நாலரை ஐந்து கிலோ தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. தலை சாட்டை மாதிரி பின்னால் போய்த் திரும்புவதுதான் கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள், இந்தக் காயத்துக்கு விப்லாஷ் (சாட்டையடி) என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1997-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இறந்தவர்களின் கழுத்தெலும்புகளை வைத்துச் சோதித்தபோது வேறொன்று தெரிந்தது: தலை பின்னால் சாய்வதற்கு முன்பே, கண்சிமிட்டும் நேரத்துக்குள், கழுத்து பாம்பு மாதிரி நெளிகிறது. மேல்பாதி முன்பக்கமும் கீழ்பாதி பின்பக்கமும் மடங்குகின்றன. எலும்புகளின் பின்புறம் ஜோடி ஜோடியாகச் சின்ன மூட்டுகள் உண்டு, அடி வாங்குவது பெரும்பாலும் அவைதான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், அந்த மூட்டைச் சுற்றிய சவ்வு தெரியாது.

இதை வீட்டில் சொல்லுங்கள்: 1996-இல் ஆஸ்திரேலியாவில், விபத்துக்குப் பின் வலி தீராத 24 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அந்த மூட்டிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புக்கு ஊசியால் சூடு வைத்தார்கள், மீதிப் பேருக்கு அதே ஊசி, சூடு மட்டும் இல்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. வலி பழையபடி பாதியளவு திரும்ப, சூடு வைத்தவர்களுக்குச் சராசரியாக 263 நாள், மற்றவர்களுக்கு 8 நாள். நடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படி வரும்?

எப்போது பயப்பட வேண்டும்?

கை கால் மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 65 வயது தாண்டியவர், வண்டி உருண்டதில் சிக்கியவர், பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், இவர்களுக்கு வலி கொஞ்சமாக இருந்தாலும் படம் எடுத்தே ஆகவேண்டும். கனடாவில் 9,000 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களைப் பார்த்து 2001-இல் போட்ட விதி இது, இன்றும் பல இடங்களில் அவசர சிகிச்சை டாக்டர்கள் இதை வைத்து முடிவெடுக்கிறார்கள்.

மூன்று வாரமாகக் காலர் (கழுத்துப் பட்டை) போட்டிருக்கிறேன். கழற்றினால் தலை நிற்காத மாதிரி இருக்கிறது. (குலசேகரம்)

எலும்பு முறிவோ நரம்புக் கோளாறோ இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றால், கழற்றுங்கள். ஆரம்பத்தில் நானும் வந்தவர்க்கெல்லாம் காலர் மாட்டி அனுப்பியவன்தான், அதனால் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. சும்மா வைத்த தசை சோர்ந்துபோகும், அவ்வளவுதான் விஷயம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் ஒருவர் வந்தார், காலரைக் கழற்றச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. கண்ணாடி முன் உட்கார வைத்து, வலது தோளைப் பார்க்கச் சொன்னேன், மூக்கு பாதி தூரம்கூடப் போகவில்லை. மணிக்கொரு தடவை, வலி தொடங்கும் இடம் வரை, பத்து முறை திருப்பச் சொன்னேன். பத்தாம் நாள் பாதி மரம் வெட்டினார், மூன்றாம் வாரம் முழுத் தோட்டம். எல்லோருக்கும் இத்தனை சீக்கிரம் ஆகாது, ஒரு வருடம் கழித்தும் வலிக்கிறது என்பவர்கள் நிறையப் பேர். ஆனால் ஆறு சிட்டிங் கட்டாயம் என்று யாராவது பேக்கேஜ் சொன்னால் யோசியுங்கள்: 2013-இல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஆய்வில், ஒரு தடவை உட்கார வைத்துச் சரியாகச் சொல்லிக்கொடுத்ததற்கும் ஆறு தடவை வரவழைத்ததற்கும் நீண்ட நாள் பலனில் வித்தியாசம் இல்லை. (என் தொழிலுக்கு நானே வேட்டு வைக்கிறேன், தெரியும்.)

வர்ம ஆசானிடம் திருமல் (எண்ணெய் தடவி நீவுவது) போகலாமா?

முதல் சில நாள் வேண்டாம். அப்புறம் எண்ணெய் போட்டு இதமாகத் திருமுவதில் தப்பில்லை. கழுத்தை 'டக்'கென்று சொடுக்குவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

காரில் தலைசாய்ப்பு எந்த உயரத்தில் இருக்கணும்?

அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு, பின்னந்தலைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிக்கு மேல் போகாமல். பிடரிக்குக் குஷன் கட்டித் தலையை முன்னால் தள்ளி வைப்பவர்கள் அந்த இடைவெளியைத் தாங்களே அதிகமாக்குகிறார்கள்.

நஷ்டஈடு கிடைக்காத நாட்டில் இந்த வலியே வருவதில்லையாமே? (பாறசாலை அருகே விபத்து, வீடு அருமனை)

ஐரோப்பாவில் உள்ள லிதுவேனியாவைச் சொல்கிறீர்கள். 1996-இல் அங்கே பின்னால் இடிபட்ட 202 பேரையும் இடிபடாத 202 பேரையும் ஒப்பிட்டதில் கழுத்துவலி கிட்டத்தட்ட சமமாக இருந்தது. இன்சூரன்ஸ்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த 202 பேரில் மோதிய நேரத்தில் கழுத்து வலித்தவர்களே கொஞ்சம் பேர்தான், அப்புறம் வித்தியாசம் எப்படித் தெரியும்? அதை யாரும் சொல்வதில்லை. வழக்கு இழுப்பதால் வலியும் இழுப்பது உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்காக எல்லோரும் பொய்யர்கள் ஆகிவிடமாட்டார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். விபத்து கேரளத்தில் நடந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே நஷ்டஈட்டு மனு போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். முக்கியமாக, வலி மறுநாள் வந்திருந்தால் மறுநாளே ஏதாவது ஆஸ்பத்திரியில் காட்டி, இன்ன தேதி விபத்து, இன்ன தேதி வலி என்று ஓ.பி. சீட்டில் எழுதி வாங்கியிருக்கணும். அந்தச் சீட்டு இருக்கிறதா, முதலில் தேடிப் பாருங்கள்.