லாங்ஸ் பீக் ஏறுவது – கடிதம்

அன்புள்ள அண்ணா,

டல்லஸில் இருக்கிறேன். ஆகஸ்டில் நாங்கள் நான்கு நண்பர்கள் கொலராடோவின் லாங்ஸ் பீக் ஏறலாம் என்று இருக்கிறோம். வெள்ளி இரவு டென்வர், சனி காலை ஆறு மணிக்கு ஏற ஆரம்பிப்போம், ஞாயிறு திரும்பும் விமானம். மூன்று பேர் அரை மாரத்தான் ஓடுகிறவர்கள், நான்காமவருக்கு உயரம் என்றால் பயம். கயிறு தேவையில்லை என்று படித்தோம். திட்டம் சரிவருமா?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

மலையை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, திட்டத்தில் எங்கேயும் ஒரு மணி நேரம்கூட மிச்சம் இல்லை என்பதுதான் கவலை.

லாங்ஸ் உச்சி 14,259 அடி. டல்லஸிலிருந்து வந்து ஒரே ராத்திரி தூங்கிவிட்டு அங்கே ஏறினால் ஓட்டக்காரருக்கும் தலைவலியும் குமட்டலும் வரலாம். விமானத்தைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள். மலையடிவார ஊரான எஸ்டஸ் பார்க்கே 7,500 அடியில் இருக்கிறது, அங்கே இரண்டு இரவாவது தங்கி, நடுவில் ஒரு நாள் பேர் லேக் (Bear Lake) ஏரியிலிருந்து ஃபிளாட்டாப் மலைக்கு (12,324 அடி) நடந்து வாருங்கள். நல்ல பாதை. யாருக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், ஆறு மணி ரொம்பத் தாமதம். போக வர ஏறக்குறைய 24 கிலோமீட்டர், 5,000 அடி ஏற்றம், பத்திலிருந்து பதினைந்து மணி நேரம் ஆகும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் அடிக்கடி வரும், மரங்கள் முடிந்த பிறகு ஒதுங்க இடமே கிடையாது. இரண்டு மணிக்கே தலைவிளக்கோடு கிளம்பிவிடுங்கள்.

கயிறு விஷயம். பனியும் ஐஸும் விலகிய கோடையில் மட்டும்தான் அது உண்மை. கீஹோல் என்கிற பாறை இடைவெளி வரை சுமார் 10 கிலோமீட்டர், கடைசியில் வரும் பாறைக் குவியல்களைத் தவிர அது வெறும் நடைதான். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், கையையும் ஊன்றிப் பாறையில் ஏறுகிற ஸ்கிராம்பிளிங் முழுக்க அதில்தான். பாறையில் மஞ்சளும் சிவப்புமாக வட்டக் குறிகள் போட்டிருக்கும், ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அடி வையுங்கள். டிரஃப் என்கிற செங்குத்தான ஓடையில் உதிரிக் கற்கள், மேலே ஏறுகிறவர் தட்டிவிட்டது நேராக உங்கள் தலைக்கு வரும். ஹெல்மெட் கட்டாயம். அதன் உச்சியில் ஒரு பாறை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், கால் வைக்க இடம் தேட வேண்டும். நேரோஸ் என்கிற குறுகலான விளிம்பில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். கடைசியில் ஹோம்ஸ்ட்ரெச், வழவழப்பான பலகைப் பாறை, நாலு துளி மழை விழுந்தாலும் வழுக்கும். அதே பாறையில்தான் களைத்த காலோடு இறங்கியும் வர வேண்டும்.

கீஹோலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்வீடு இருக்கிறது. 1925 ஜனவரியில் கிழக்குச் சுவரில் ஏறிவிட்டு, இறங்கும்போது குளிரில் இறந்துபோன ஆக்னஸ் வெய்லின் நினைவாகக் கட்டியது. அவர் உச்சியைத் தொட்டவர், இறக்கத்தில்தான் போனார். நான் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான். மேகம் கருத்தால் அந்த வீட்டில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மின்னலுக்கு அது பாதுகாப்பில்லை.

அதனால் திரும்பும் நேரத்தை டல்லஸிலேயே எழுதி வைத்துவிடுங்கள். ஏழரைக்குள் கீஹோல், இல்லையென்றால் அங்கிருந்தே திரும்பல். பன்னிரண்டுக்குள் உச்சியைவிட்டு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். நாலு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும், ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது.

பயப்படும் நண்பரை இழுத்துக்கொண்டு கீஹோலைத் தாண்டாதீர்கள். அதே பாதையில் பாதி வழியில் சாஸ்ம் ஏரிக்குக் கிளை பிரியும். அதுவே 11,700 அடிக்கு மேல், எதிரே லாங்ஸின் கிழக்குச் சுவர் முழுசாக நிற்கும், அது ஒன்றும் ஆறுதல் பரிசு இல்லை. ஆனால் அவரைத் தனியாக அனுப்பக்கூடாது, உங்கள் மூவரில் ஒருவர் கூடப் போக வேண்டும். யார் என்பதை ஊரிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், இருட்டில் அந்தக் கிளையில் நின்றுகொண்டு பேசாதீர்கள்.

அன்புடன்