உங்கள் கடிதத்தின் பதினேழாவது வரி

உங்கள் கடிதத்தில் இருக்கும் முடி கொட்டுவது, கருவளையம், தெரிந்தவர் பெயர் சட்டென்று வாயில் வராதது, மதியமானால் கண் சொக்குவது, இதையெல்லாம் கூட்டிப் பெருக்கி 'எனக்குக் கார்ட்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) ஏறிவிட்டது, மூளையிலேயே கோளாறு, அதனால்தான் எட்டு மாதமாகியும் என்னால் மாற முடியவில்லை' என்று இணையத்தில் தேடித் தேடி நீங்களே நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ராத்திரி ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கும் யாருக்கும் இதில் பாதி இருக்கும். ஒரு தடவை ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்துவிடுங்கள், சரியாக இருந்தால் அந்தப் பட்டியலை மறந்துவிடலாம். கார்ட்டிசால் டெஸ்ட் வேண்டாம். அது காலையில் ஏறும், நள்ளிரவில் இறங்கும், ஒரு வேளை எடுத்த ரத்தத்தை வைத்து யாருடைய மன அழுத்தத்தையும் அளக்க முடியாது.

சரி, மாற்றத்துக்கு வருவோம். ஐந்து மணிக்கு எழுவது, நடப்பது, பிள்ளையிடம் கத்தாமல் இருப்பது, இரவில் போனை ஒதுக்குவது, நான்கையும் ஒரே நாளில் தொடங்கியிருக்கிறீர்கள். எட்டு மாதம் கழித்து வாரத்துக்கு மூன்று நாள் நடக்கிறீர்கள், கத்துவது குறைந்திருக்கிறது. இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'தோல்வி'. என் நோயாளி ஒருவர் இப்படி வந்து நின்றால் எனக்கு அன்றைக்கு நல்ல நாள்.

21 நாளில் பழக்கம் மாறும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் உங்களுக்கு இந்தக் கோபமே. அந்த எண்ணைப் பரவ விட்டவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார், அதில் 'குறைந்தது' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 2009-ல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே ஒரு சின்னப் பழக்கம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஊற, நடுவாந்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

கெடுப்பது, தவறிய மறுநாள் நீங்கள் எழுதும் அந்த நோட்டு. 'தண்டம்', 'உருப்படாதவள்' என்று உங்களையே திட்டி எழுதியதாகச் சொல்கிறீர்கள், இப்போது மூன்று வாரமாக அதைத் திறக்கவே பிடிக்கவில்லை என்றும் சொல்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் சர்க்கரை ஏறி வந்த நோயாளிகளை நானும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். யாருக்கும் சர்க்கரை இறங்கவில்லை. சிலர் டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் ஒழுங்காக இருந்துவிட்டு வந்தார்கள், சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். நீங்களும் உங்களைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். அப்புறம்தான் தினசரி அளவைத் தூக்கி வைத்துவிட்டு மூன்று மாத சராசரியை, அதாவது ஹெச்பிஏ1சி-யை, நோயாளியோடு உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். நீங்களும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் கணக்குப் பாருங்கள். ஒரே நாளில் நான்கு மாற்றம் என்பது டோஸும் அதிகம். நடையை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்து மணி எழும் திட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், தூக்கம்தான் உங்களுக்கு முதலில் வேண்டும்.

இதெல்லாம் நிதானமாகச் செய்யலாம். நிதானமாகச் செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. முடி கொட்டுவதற்கும் ஞாபக மறதிக்கும் நடுவில், பதினேழாவது வரியில், 'சில ராத்திரி நான் இல்லாமல் போனால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றும், அது பெரிய விஷயமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய விஷயம்தான். மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு முதலில் உங்களுக்கு எழுதுவது இதற்காகத்தான். விடியற்காலை மூன்றரைக்கு விழித்துவிட்டு மறுபடி தூக்கம் வராமல் கிடக்கிறீர்கள், ஆசையாக வரைந்துகொண்டிருந்தவர் ஒன்றரை மாதமாகப் பென்சிலைத் தொடவில்லை. பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்த்தாக வேண்டும். தன்னைத்தானே பழிப்பதும், தான் எதற்கும் லாயக்கில்லை என்று நினைப்பதும் அந்த நோயின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆகவே அந்த நோட்டில் பேசுவது எவ்வளவு நீங்கள், எவ்வளவு நோய் என்று இப்போதைக்கு உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அந்த வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள், நாசூக்காக மாற்றிச் சொல்ல வேண்டாம். அந்த எண்ணத்துக்கு ஓர் உருவம் வந்துவிட்டால், எப்படி, எப்போது என்று மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டால், வாரம் கிழமை பார்க்காமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. மருத்துவர் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்பார். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, பயப்படாமல் நேராகப் பதில் சொல்லுங்கள்.

தோழி கொடுத்த அல்பிரசோலம் என்ற படபடப்பு மாத்திரை பற்றி. தோழி டாக்டர் இல்லை. அது சில மணி நேரம் படபடப்பை அமுக்கும், மனச்சோர்வைக் குணப்படுத்தாது, சில வாரம் தொடர்ந்தாலே உடம்பு அதைக் கேட்க ஆரம்பித்துவிடும். எப்போதாவது பாதி மாத்திரை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அது உண்மையானால் இன்றோடு நிறுத்தலாம். தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார். எப்படியானாலும் மிச்சமிருக்கும் அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டாம், நீங்கள் அந்த வரியைப் படித்துக் காட்டும் ஆளிடமே கொடுத்துவிடுங்கள்.

மருத்துவர் மருந்து எழுதினால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஐந்தாவது நாள் 'ஒன்றும் தெரியவில்லை' என்று நீங்களாக நிறுத்திவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள், அவரிடம் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டுப் பக்கம் எதையும் கிழிக்க வேண்டாம், அவர் முழுசாகப் படிக்கட்டும்.