வாசகர் கேள்வி–பதில்: நாயைக் கயிறின்றி ஓடவிடும் பூங்காக்கள்

கேள்வி: எங்கள் நாய்க்கு இரண்டு வயது ஆகிறது. குட்டியிலிருந்தே வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் காவலுக்கு வளர்ந்தது. நாய்களை அவிழ்த்துவிட அனுமதிக்கும் பூங்காவுக்கு அதை அழைத்துப் போக வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கே போகலாம்? எப்படித் தொடங்குவது?
– வாசகி, லெனேசியா

பதில்: ஜோகன்னஸ்பர்க்கில் இதற்குப் பெயர்பெற்ற இடங்கள் பெரும்பாலும் வடக்குப் புறநகர்களில்தான் இருக்கின்றன. பிராம்ஃபொன்டெயின் ஸ்ப்ரூட் ஓடையை ஒட்டிய டெல்டா பூங்கா, சாண்டன் பகுதியின் ஃபீல்ட் அண்ட் ஸ்டடி பூங்கா, மெல்ரோஸை அடுத்த ஜேம்ஸ் அண்ட் எத்தல் கிரே பூங்கா ஆகியவற்றை நாய் வளர்ப்போர் நன்கு அறிவார்கள். வடமேற்கே வாக்ஹேவன் போன்ற தனியார் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இந்தியர்களை ஒதுக்கிக் குடியமர்த்திய லெனேசியாவிலிருந்து இவை எல்லாமே தொலைவில் இருப்பது தற்செயல் அன்று. நல்ல பூங்காக்கள் யாருக்காக அமைக்கப்பட்டன என்பதை இன்றும் இந்தத் தூரமே காட்டுகிறது. உங்கள் பகுதியிலும் வேலியிட்ட பூங்கா ஒன்று வேண்டுமென வட்டார உறுப்பினரிடம் மனுக் கொடுப்பது நியாயமானது, கொடுங்கள்.

ஆனால் பூங்காவைத் தேடுவதற்கு முன், உங்கள் நாய் கூப்பிட்டவுடன் வருகிறதா என்று பாருங்கள். சமையலறையில் தட்டுச் சத்தம் கேட்டு வருவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாசல் கம்பிக்கு வெளியே வேறொரு நாய் போகும்போது, கம்பியிடுக்கில் மூக்கை நுழைத்து உடல் விறைத்து நிற்கும் அந்தக் கணத்தில் பெயர் சொல்லி அழைத்தால் தலையைத் திருப்பி உங்களிடம் வருகிறதா என்பதே கேள்வி. வரவில்லையென்றால் அதை அவிழ்த்துவிடும் நாள் இன்னும் வரவில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள கயிறொன்றைக் கட்டி, ஆளரவமற்ற மைதானத்தில் சில வாரங்கள் பழக்குங்கள். அழையுங்கள், வந்ததும் அவித்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள், உடனே மறுபடியும் விளையாட அனுப்புங்கள். கடைசியாக அனுப்புவது மிக முக்கியம், ஏனெனில் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டுமே அழைக்கப்படும் நாய், அழைப்பு என்றால் விளையாட்டு முடிந்தது என்று விரைவிலேயே புரிந்துகொண்டு எட்டவே நிற்கப் பழகிவிடும்.

முதல் சில முறை, கூட்டம் குறைவான வார நாள் காலையில் போங்கள். நுழைவாயிலில்தான் சண்டைகள் அதிகம் மூளுகின்றன: உள்ளே இருக்கும் நாய்கள் கும்பலாக ஓடிவர, கயிற்றில் இருக்கும் புதிய நாய் விலகவும் வழியின்றிச் சிக்கிக்கொள்கிறது. வாயிலைத் தாண்டிச் சற்றுத் தள்ளிச் சென்ற பிறகே கயிற்றை அவிழ்த்து, நீங்களும் நடந்துகொண்டே இருங்கள். காவலுக்கு வளர்ந்த நாய், எஜமானர் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்த இடத்தையே காக்கத் தொடங்கிவிடக்கூடும். பூங்காவில் பந்தும் தின்பண்டமும் சண்டையைக் கிளப்பும், அவை பையைவிட்டு வெளியே வர வேண்டாம்.

கேள்வி: மெல்ரோஸ் சிவசுப்பிரமணியர் கோயிலுக்கு வந்தால் என் தகப்பனார் பக்கத்துப் பூங்காவில் சற்று நடப்பது வழக்கம். அவருக்கு நாய் என்றாலே அச்சம். கயிறில்லாத நாய்கள் பாய்ந்து வருகின்றன. உரிமையாளர்களோ தூரத்திலிருந்தே "ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். நாங்கள் அங்கே போகாமல் இருந்துவிட வேண்டுமா?
– வாசகர், கென்சிங்டன்

பதில்: வேண்டியதில்லை. நாயை அவிழ்த்துவிட அனுமதி இருக்கும் இடத்திலும் அது பொதுப் பூங்காதான். உங்கள் தகப்பனாருக்கும் அங்கே சம உரிமை உண்டு. நாய் எத்தனை சாதுவாக இருந்தாலும், அழைக்காத மனிதரின் மேல் ஏற விடுவது உரிமையாளரின் தவறே. அவர் வயதில் உள்ளவர்களின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: நிறவெறி ஆட்சிக் காலத்தில் இந்நாட்டுக் காவல்துறை மக்கள் மீது நாய்களை ஏவியது. அதைக் கண்ணால் கண்டவர்களும் அனுபவித்தவர்களும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஓடிவரும் நாயைப் பார்த்தால் அவர்கள் உடல் பதறுவதற்கு "ஒன்றும் செய்யாது" என்பது மறுமொழி ஆகாது.

நாய் வளர்க்கும் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். எதிரே முதியவரோ சிறு பிள்ளையோ வருவதைக் கண்டால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாயை அருகில் அழைத்துக் கயிற்றைப் பூட்டுங்கள்.

தகப்பனாரிடம் சொல்ல வேண்டியது இது: நாய் நெருங்கினால் ஓடவும் கூடாது, கைத்தடியை ஓங்கவும் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல் அசையாது நின்றால் பெரும்பாலான நாய்கள் முகர்ந்துவிட்டு விலகிவிடும். நீங்கள் அவருக்கு முன்னே நின்று, "தயவுசெய்து உங்கள் நாயை அழைத்துக்கொள்ளுங்கள்" என்று உரக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: பூங்காவில் என் நாய் ஒருவரைக் கடித்துவிட்டால், நான் கவனமாக இருந்ததை நிரூபித்தால் போதுமா?
– வாசகர், சாண்டன்

பதில்: போதாது. தென்னாப்பிரிக்காவில் இன்றும் செல்லும் ரோமானிய-டச்சுச் சட்டத்தின் பழைய விதிப்படி, வளர்ப்பு விலங்கு செய்த தீங்குக்கு உரிமையாளரின் கவனக்குறைவை நிரூபிக்காமலேயே இழப்பீடு கோரலாம். கடிபட்டவர் நாயைச் சீண்டினார் என்பது போன்ற சில விலக்குகளே உண்டு. 2020-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், யாரோ ஒருவர் வாயிலைத் திறந்துவிட்டதால்தான் நாய்கள் வெளியேறின என்று உரிமையாளர் வாதிட்டும் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை. தெருவில் நடந்துபோன ஓர் எளிய தொழிலாளி அந்த நாய்களால் தம் கையை இழந்திருந்தார். ஆகவே உங்கள் வீட்டுக் காப்பீட்டில் இது அடங்குகிறதா என்று கேட்டு வையுங்கள்.

கடித்துவிட்டால் வாக்குவாதத்துக்கு முன் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, கடிபட்டவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 2010-இல் ஜோகன்னஸ்பர்க்கிலேயே நாய்களிடையே வெறிநோய் பரவியது. குவாசூலு-நட்டாலில் அது நீங்காமலே இருக்கிறது. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவது சட்டப்படிக் கட்டாயம்: மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, பின்பு ஓராண்டுக்குள் மறுமுறை, அதன்பின் மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும். சான்று அட்டையின் படம் கைப்பேசியில் இருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதக் குட்டியை அழைத்துப் போகலாமா?
– வாசகி, பெனோனி

பதில்: கூடாது. குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய குடல் நோயான பார்வோவின் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். குட்டிக்கான தடுப்பூசிகள் அனைத்தும் முடிந்து இரண்டு வாரம் கழியட்டும்.

கேள்வி: பூங்காவுக்குப் போய்வந்த சில நாள்களில் நாயின் காதருகே உண்ணி இருந்தது. எடுத்துவிட்டேன். இப்போது சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடக்கிறது. வெயில் காரணமாக இருக்குமா?
– வாசகர், மிட்ராண்ட்

பதில்: வெயில் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். இங்கே பிலியரி என்று எல்லோரும் சொல்லும் நோயை உண்ணிதான் பரப்புகிறது. கோடை மழைக்குப் பின் புல் உயர்ந்து நிற்கும் மாதங்களில் அது அதிகம். அதை உண்டாக்கும் பபீசியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடிய வகையே தென்னாப்பிரிக்காவில் பரவலாக உள்ளது. அது இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. உண்ணி கடித்து ஏறக்குறைய பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அறிகுறி தெரியும் என்பதால், உண்ணியை எடுத்தாயிற்று என்று நிம்மதி கொள்வதற்கில்லை.

இப்போதே நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்தோ மஞ்சளித்தோ இருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு கறுப்பாயிருக்கும் நாயானால் கீழிமையின் உட்புறத்தைப் பாருங்கள். சிறுநீர் செம்பழுப்பாகப் போவது நோய் முற்றியதன் அறிகுறி. இவற்றில் எதுவும் தெரியாவிட்டாலும், சாப்பிடாமல் படுத்துக் கிடப்பதே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம். ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து அவர் சொல்லிவிடுவார். தொடக்கத்திலேயே போனால் ஊசியோடு தீர்ந்துபோகக்கூடியது, இரண்டு நாள் தாமதித்தால் இரத்தம் ஏற்றும் நிலைக்கு வந்துவிடலாம்.

குணமான பிறகு, மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் உண்ணித் தடுப்பு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வலிப்பு வந்த நாயானால் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்கலாம். பூங்காவிலிருந்து திரும்பியதும் காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு, வால் மூலம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். உண்ணி தென்பட்டால் மண்ணெண்ணெயோ எண்ணெயோ ஊற்றாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, அன்றைய தேதியை நாட்காட்டியில் குறித்து, மூன்று வாரம் வரை ஈறைப் பார்த்து வாருங்கள்.