மோல் கணக்குக்குத் தனி வகுப்பு வேண்டுமா?

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அறிவியல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மூன்று வாரம்தான் ஆகிறது. வேதியியலில் மோல் கணக்கு ஒன்றுமே புரியவில்லை என்று அழுகிறாள். பள்ளியில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினாள். தெரிந்தவர் ஒருவர், பத்து நாள் 'அடிப்படைப் பயிற்சி' நடத்தும் மையம் ஒன்றில் சேர்த்துவிடச் சொல்கிறார். இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் சலுகை உண்டாம். சேர்க்கலாமா? இல்லை, வேதியியலை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கச் சொல்லட்டுமா? நானும் அவள் அப்பாவும் அறிவியல் படித்தவர்கள் இல்லை, ஐயா.

பதில்: பாடத்தை மாற்ற வேண்டாம் அம்மா. இந்த வாரம் பணமும் கட்ட வேண்டாம். சலுகை முடிகிறது என்று அவசரப்படுத்துகிறவர் அடுத்த வாரமும் அதே சலுகையோடு வருவார், கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகள் மட்டும் அழவில்லை. முதல் மாத வகுப்பில் முப்பது வருடமாக இதே முகங்களைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான் அதிகம் கலங்குவார்கள். அங்கே மனப்பாடம் கைகொடுத்தது, இங்கே அது கைவிடுகிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இந்த மோல் விவகாரம் பெரியவர்களுக்கே சுலபமாகப் பிடிபட்டது இல்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ 1811இல் எழுதினார். அதை யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்றா இரண்டா என்பதிலேயே ஒற்றுமை இல்லாமல் இருந்தது. அணுக் கொள்கை தந்த ஆங்கிலேய விஞ்ஞானி டால்டன் ஒன்று என்றே வைத்துக்கொண்டார். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கனிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். இவ்வளவு பெரிய தலைகளுக்கு அரை நூற்றாண்டு பிடித்த விஷயத்துக்குப் பாடத்திட்டம் ஒதுக்குவது இரண்டு வாரம். அதிலும் பாதி நாள் அறிமுகக் கூட்டத்திலும் அடையாள அட்டைக்கு நிற்பதிலும் போய்விடும். 'இதெல்லாம் மேல் வகுப்பில் சொல்வார்கள்' என்று பள்ளி ஆசிரியர் தாண்டிப் போயிருப்பார். 'இதெல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்' என்று இங்கே இருப்பவர் தாண்டிப் போவார். நடுவில் விழுகிறது பிள்ளை.

சரி, மோல் என்றால் என்ன? நீங்களே அவளிடம் பேசும் அளவுக்குச் சொல்கிறேன். வங்கியில் மூட்டை மூட்டையாகச் சில்லறைக் காசு வந்தால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். எடை போடுவார்கள். ஒரு காசு 5 கிராம் என்றால் 500 கிராமில் 100 காசு. வேறு காசு, ஒன்று 8 கிராம் என்றால், 800 கிராமில்தான் 100 காசு. எண்ணிக்கை ஒன்றுதான், எடைதான் வேறு. அணுக்களை எண்ண முடியாது, அதனால் எடை போட்டு எண்ணுகிறோம். அந்த 100க்குப் பதில் வேதியியலில் பயன்படுத்தும் எண் கொஞ்சம் பெரியது: 6.022ஐ எழுதி, பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அத்தனை எண்ணிக்கை ஒரு மோல். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு வாய்கூட இருக்காது. ஒரு மோல் சாதாரண உப்பு 58.5 கிராம். உள்ளே இருக்கும் எண்ணிக்கை அதேதான்.

2019 மே 20 முதல் இந்த எண்ணையே நேரடியாக நிர்ணயித்துவிட்டார்கள். பழைய புத்தகங்களில் '12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை' என்று இருக்கும். அவள் கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் கணக்கின் விடை மாறாது. 'புதிய வரையறைப்படி எழுதிய புத்தகம்' என்று யாராவது விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள்.

இப்போது அவளுடைய கஷ்டத்துக்கு வருவோம். மோல் புரியவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது மோலில் பிரச்சினை இருக்காது. அதற்கு முந்தைய படி ஆடிக்கொண்டிருக்கும். ஒரு சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று காட்டும் வாய்பாட்டைத் தப்பில்லாமல் எழுத வராது. அலுமினியம் சல்பேட்டை எழுதச் சொல்லிப் பாருங்கள். இரண்டு அலுமினியம், அப்புறம் அடைப்புக்குறிக்குள் சல்பேட், அதற்கு வெளியே கீழே ஒரு சிறிய 3. இதன் மோலார் நிறையை, அதாவது ஒரு மோல் எத்தனை கிராம் என்று, கேட்டால் பாதிப் பேர் அந்த 3ஐ ஆக்சிஜனுக்கு மட்டும் கொடுப்பார்கள், கந்தகத்தை மறந்துவிடுவார்கள். சரியான கணக்கு: அலுமினியம் 27 வீதம் இரண்டு, 54. கந்தகம் 32 வீதம் மூன்று, 96. ஆக்சிஜன் 16 வீதம் பன்னிரண்டு, 192. மொத்தம் 342. இந்த இடத்தில் தவறினால் அதற்கு மேல் மோலாரிட்டியும் (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல்) வராது, டைட்ரேஷன் கணக்கும் (தெரிந்த கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தெரியாததன் அளவைக் கண்டுபிடிப்பது) வராது. பிள்ளையோ 'மோல் புரியவில்லை' என்று அழும்.

அடுத்த ஆட்டம் சமன்பாட்டில். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதை எழுதினால் இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. உடனே தண்ணீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு சிறிய 2 போட்டுவிடுவார்கள். சமன் ஆகிவிட்டது, சந்தோஷம். ஆனால் அது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளுக்கப் பயன்படுகிற சரக்கு. கீழே நிற்கும் சிறிய எண்ணில் கை வைக்கவே கூடாது. முன்னால் நிற்கும் எண்ணை மட்டும்தான் மாற்றலாம்.

ஆகவே முதல் பத்து நாள் மோலை மூடி வைத்துவிடச் சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம், சோடியம், கால்சியம், அலுமினியம், அம்மோனியம், குளோரைடு, ஆக்சைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், கார்பனேட், சல்பேட், பாஸ்பேட் என்று ஒரு இருபது அயனிகளை, அதாவது மின்சுமை உள்ள அணுக்களையும் அணுக்கூட்டங்களையும், அந்த மின்சுமையோடு எழுதி, ஒன்றோடு ஒன்று ஜோடி சேர்த்து வாய்பாடு எழுதட்டும். அப்புறம் பத்துப் பதினைந்து சமன்பாடுகள். பேனாவும் தாளும் போதும்.

மையத்துக்கு வருவோம். எல்லா மையமும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் 'பத்து நாள், அடிப்படை, சுருக்குவழி' என்ற மூன்று சொல்லும் ஒரே விளம்பரத்தில் வந்தால் ஒதுங்கிப் போவது நல்லது. அங்கே முதல் நாளே ஒரு முக்கோணம் போட்டுக் கொடுப்பார்கள். மேலே நிறை, கீழே மோல், மோலார் நிறை. எது வேண்டுமோ அதைக் கட்டைவிரலால் மறைத்தால் விடை வந்துவிடும். பிள்ளைக்கும் முகம் மலரும். அடுத்து ஒரு மந்திரம் சொல்வார்கள்: 'லிமிட்டிங் ரீஏஜன்ட் கேட்டால் மோல் எது குறைவோ அதுதான்.' அதாவது இரண்டு பொருள் வினைபுரியும்போது எது முதலில் தீரும் என்பதற்குச் சுருக்குவழி.

இந்த மந்திரம் எங்கே கவிழ்கிறது என்று பாருங்கள். 6 கிராம் ஹைட்ரஜன், 64 கிராம் ஆக்சிஜன். ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம் என்பதால் ஹைட்ரஜன் 3 மோல், ஆக்சிஜன் 2 மோல். மந்திரப்படி ஆக்சிஜன்தான் முதலில் தீர வேண்டும். ஆனால் ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன் வேண்டும். 2 மோல் ஆக்சிஜன் முழுவதும் தீர 4 மோல் ஹைட்ரஜன் தேவை. கையில் இருப்பது மூன்று. ஹைட்ரஜன்தான் முதலில் தீரும். 3 மோல் தண்ணீர் வரும், அதாவது 54 கிராம். ஆக்சிஜன் 16 கிராம் மிச்சம். 54ம் 16ம் 70. போட்டதும் 6ம் 64ம், 70. சரியாக வந்துவிட்டது.

இந்த மந்திரம் எப்படி விலைபோகிறது என்றால், அவர்கள் கொடுக்கும் மாதிரிக் கணக்கெல்லாம் ஒன்றுக்கு ஒன்று சேரும் வினைகளாகவே இருக்கும். அதில் பலிக்கும். தேர்வில் இரண்டுக்கு ஒன்று வரும்போதுதான் தெரியும், அதற்குள் பணம் கட்டி ரசீதும் தொலைந்திருக்கும். சேர்த்துவிடச் சொல்லும் அந்தத் தெரிந்தவரிடம், தலைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். பலர் நல்லெண்ணத்தில் சொல்வார்கள்தான். கமிஷனுக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் மாணவர் ஒருவரே பக்கத்து வகுப்புப் பிள்ளைகளை இப்படி ஒரு மையத்துக்கு அனுப்பித் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். அவருக்கே கடைசிவரை மோல் வரவில்லை என்பது வேறு விஷயம்.

22.4 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை அதிகம் கடுப்பேற்றிய எண் இதுதான். 'ஒரு மோல் என்றால் 22.4 லிட்டர்' என்று பிள்ளைகள் பெயர் சொல்வது போலச் சொல்வார்கள். அது வாயுவுக்கு மட்டும். அந்த வாயுவுக்கும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்ற நிலையில் மட்டும். 36 கிராம் தண்ணீரின் பருமன் என்ன என்று வகுப்பில் கேட்பேன். இரண்டு மோல், ஆகவே 44.8 லிட்டர் என்று கை தூக்குவார்கள். வீட்டு வாளி இரண்டை நிரப்புகிற அளவு! 36 கிராம் தண்ணீர் 36 மில்லிலிட்டர்தான், ஒரு சின்னக் கோப்பையின் அடியில் கிடக்கும். தண்ணீர் திரவமாயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றாது, ஏனென்றால் மந்திரத்தில் அது இல்லை.

இதோடு முடியவில்லை. உலக வேதியியல் அமைப்பு 1982இல் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பார் என்று கொஞ்சம் குறைத்துவிட்டது. அழுத்தம் குறைந்தால் பருமன் கூடும், அதனால் அதே 0 டிகிரியில் ஒரு மோல் வாயு 22.7 லிட்டர். 25 டிகிரியில் 1 வளிமண்டலம் என்றால் 24.5, 1 பார் என்றால் 24.8. ஆக, புத்தகத்துக்குப் புத்தகம், வினாத்தாளுக்கு வினாத்தாள் நான்கு எண்கள் உலவுகின்றன. நாற்பது வருடத்துக்கும் மேலாகியும் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்து ஒரே எண்ணை அச்சடிக்க மாட்டேன் என்கிறார்கள். இடையில் மாட்டுவது தேர்வு எழுதுகிற பிள்ளை. உங்கள் மகள் செய்ய வேண்டியது இதுதான்: கேள்வியில் வெப்பநிலை, அழுத்தம் என்ன கொடுத்திருக்கிறது என்று முதலில் கோடு போட வேண்டும். அப்புறம் தன் பாடத்திட்டம் எந்த எண்ணைச் சொல்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் வாயு இல்லையென்றால் இந்த எண் பக்கமே போகக் கூடாது.

ஆய்வகத்துக்கு ஒன்றிரண்டு. அமிலத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பியூரெட் என்ற அளவுக்குழாயில் அளவு பார்க்கும்போது கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டை எழுதித் தருகிறேன் என்று வருபவரிடம் கொடுக்க வேண்டாம். செய்முறைத் தேர்வில் அந்த நோட்டிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள், எழுதியவர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

வாய்பாடு, சமன்பாடு என்று பத்து நாள் எழுதிப் பார்த்த பிறகு மோலைத் திறக்கட்டும். அப்போதும் தடுமாறினால் முதலில் போக வேண்டிய இடம் அவளுடைய வகுப்பு ஆசிரியரின் மேசை. 'எனக்கு மோல் வரவில்லை' என்று போய் நின்றால் அவரும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திரும்ப அதே பாடத்தைச் சொல்வார். தான் போட்ட ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு போய், 'இந்த வரியில் நிற்கிறேன்' என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

அதற்கும் வழியில்லை, மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது. தந்தால், வகுப்பு முடிந்ததும் பாடம் எடுத்தவரிடம் உங்கள் மகளே எழுந்து கேட்கட்டும்: 'சார், 36 கிராம் தண்ணீர் எத்தனை லிட்டர்?' 44.8 என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடச் சொல்லுங்கள்.